பழைய வண்டியில் லைட் ஹோல்டர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாருதி 800, அம்பாசடர், ஜீப் எதுவானாலும் பின்பக்க லைட்டின் பல்பு ஹோல்டர் ஒருநாள் தேய்ந்துதான் போகும். ஸ்பிரிங் தளரும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், பல்பு ஆட்டம் கொடுக்கும். ஹோல்டரை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. ஆனால் வேலை பழகுகிறவர்கள் ஆண்டாண்டாக அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றாமல் ஒயரை வெட்டுவது, ஒயர் நிறத்தைக் குறித்துக்கொள்ளாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு தடவை பட்டாலே புரிந்துவிடும்.

எர்த்தைப் பார்க்காமல் ஹோல்டரை வெட்டுவது

லைட் மங்கலாக எரிந்தால் உடனே கட்டிங் பிளையரை எடுக்கிறார்கள். புது ஹோல்டர் போட்ட பிறகும் அதே மங்கல். இன்னொரு ஹோல்டர், பிறகு பல்பு, பிறகு சுவிட்ச். கடைசியில் பார்த்தால் டிக்கிக்குள் இருக்கும் ஒரு எர்த் போல்ட், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இடம், துருப்பிடித்திருக்கும். நல்ல நிலையில் இருந்த கம்பெனி ஒயரிங்கை நாலு இடத்தில் வெட்டி ஒட்டியதுதான் மிச்சம். இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் வெட்டுவதற்கு முன்பே வண்டி அறிகுறி காட்டியிருக்கும்.

பார்க்கிங் லைட்டை அணைத்துவிட்டு பிரேக்கை மட்டும் மிதியுங்கள். எதிர்ப்பக்க டெயில் லைட்டோ, முன்பக்க பார்க்கிங் லைட்டோ, மீட்டர் விளக்கோ லேசாக எரிந்தால் எர்த் போய்விட்டது என்று அர்த்தம். ஒரே பல்புக்குள் பிரேக்குக்கு ஒன்று, டெயிலுக்கு ஒன்று என இரண்டு இழை இருக்கும். பிரேக் இழைக்குள் வந்த கரண்ட்டுக்கு பாடிக்குப் போக வழியில்லை. அதே பல்பின் டெயில் இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, டெயில் ஒயர் வழியாக மற்ற பல்புகளுக்குப் போய் அங்கே எர்த்தைத் தேடுகிறது. பார்க்கிங் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்க பல்பு மொத்தமாக அணைகிறதா? அதுவும் இதே கோளாறுதான். இரண்டு இழைக்கும் 12 வோல்ட் வந்து நிற்கிறது, வெளியேற வழியில்லை.

சந்தேகம் தீர மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனையை நீளமான ஒரு ஒயர் போட்டு பேட்டரி நெகட்டிவ்விலும், சிவப்பு முனையை ஹோல்டரின் பித்தளைக் கூட்டிலும் வைத்துக்கொண்டு யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில்தான், ஹோல்டரைத் தொடாதீர்கள். 2 வோல்ட் அங்கே விழுந்து பல்புக்கு 10 வோல்ட்தான் கிடைத்தால், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பழைய வண்டிகள் பலவற்றில் ஹோல்டருக்குத் தனி எர்த் ஒயரே கிடையாது. லைட்டை இறுக்கும் ஸ்க்ரூதான் எர்த். டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வரும் வண்டியில் அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் புது பெயின்ட் படிந்திருக்கும், புது ரப்பரும் போட்டிருப்பார்கள். பெயின்டிங் முடிந்ததும் லைட் மங்கினால் முதல் சந்தேகம் அங்கேதான். ஒவ்வொரு ஹோல்டர் கூட்டிலிருந்தும் 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, வளைய லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளைய முனை) போட்டு, பாடியில் ஒரே போல்ட்டில் சேர்த்துவிடுங்கள். லக் உட்காரும் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு பல் வைத்த வாஷர் போட்டு இறுக்க வேண்டும். இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினால் துரு தள்ளிப்போகும்.

முறுக்கி டேப் சுற்றுவது

கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் உருகி வழிந்துவிடும். உள்ளே புகும் தண்ணீர் செம்பு இழைகளுக்கு இடையே ஏறி, ரப்பருக்குள் ஒரு சாண் தூரம் வரைகூட ஒயரைக் கறுப்பாக்கிவிடும். உலோகக் குழலுக்குள் ஒயரை வைத்து நசுக்கி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் வைப்பதானால் ரெசின் ஃபிளக்ஸ் மட்டும். ஆசிட் ஃபிளக்ஸ் செம்பை அரித்துவிடும். ஈயம் முடியும் இடத்தில்தான் ஒயர் அதிர்வில் ஒடியும், அதனால் அந்த இடம் ஆடாமல் கட்டிவிடுங்கள்.

பழைய பல்பையே மாட்டுவது

புது ஹோல்டருக்குப் புது பல்பு. பழைய பல்பின் அடியிலுள்ள ஈயப் பொட்டு தீப்பொறியில் குழிந்திருக்கும், அது புது ஸ்பிரிங்கையும் சூடாக்கிக் கெடுக்கும்.

முள்ளைப் பார்க்காமல் அழுத்தித் திருப்புவது

பல்பின் அடிப்பகுதியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு முட்களைப் பாருங்கள். பிரேக்கும் டெயிலும் சேர்ந்த 21/5 வாட் பல்பில் ஒரு முள் உயரத்திலும் ஒரு முள் தாழ்விலும் இருக்கும். 21 வாட் ஒற்றை இழை பல்பில் இரண்டும் ஒரே உயரம். மஞ்சள் இண்டிகேட்டர் பல்பு சிலவற்றில் முட்கள் நேரெதிரே இருக்காது. உட்காரவில்லை என்றால் ஹோல்டரோ பல்போ தவறு. பலம் காட்டினால் புது ஹோல்டரின் பள்ளம் விரிந்துவிடும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது

ஹோல்டரின் மேல்பூச்சு போய்விடும், களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கான்டாக்ட் கிளீனர் போதும்.

சிலிக்கான் அப்பி அடைப்பது

வினிகர் வாசனை வரும் சிலிக்கான் செம்பை அரிக்கும், அதனால் ஹோல்டர் அருகே வேண்டாம். லைட் கூட்டின் அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிட்டால், உள்ளே கோர்க்கும் ஈரமே புது ஹோல்டரையும் தின்றுவிடும். பழைய ரப்பரை மாற்றுங்கள், துளையை ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

ஹெட்லைட் ஹோல்டர் உருகினால் ஹோல்டரை மட்டும் மாற்றுவது

ஹை பீம், லோ பீம் இரண்டும் சேர்ந்த எச்4 ஹெட்லைட் பல்பு 60/55 வாட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 100/90 போட்டால் 8 ஆம்பியரைத் தாண்டும். பழைய ஒயரும் சுவிட்சும் அதற்காகப் போட்டவை அல்ல. 60/55க்குத் திரும்புங்கள், செராமிக் ஹோல்டர் போடுங்கள், ரிலே (சுவிட்சின் சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் பெட்டி) வைத்து பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுங்கள்.

ஒவ்வொரு லைட்டாகச் சோதிப்பது

பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் நான்கையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். பின்பக்க எர்த்துக்கு முழுச் சுமை விழுவது அப்போதுதான். இண்டிகேட்டர் மின்னும்போது டெயில் லைட்டும் சேர்ந்து துடித்தால் எர்த் போல்ட்டை மறுபடி கழற்றிச் சுரண்டுங்கள்.