எம்.ஆர்.ஐ.க்குக் காந்த நானோத் துகள்: கறுத்துவிட்டால் மட்டும் போதாது

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் முதுகலை மாணவர்கள், பீக்கர் கறுத்தவுடன் வேலை முடிந்தது என்று கைகழுவப் போவார்கள். மேக்னடைட் எனும் கறுப்பு இரும்பு ஆக்சைடைச் செய்வது எளிது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீரில் நிலைத்திருக்கச் செய்வதில்தான் பாடு.

100 மி.லி. வாலைவடி நீரில் அரைமணி நேரம் நைட்ரஜனைச் செலுத்துங்கள். அதில் ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம் கரையுங்கள். மோல் விகிதம் இரண்டுக்கு ஒன்று. ஃபெரஸ் உப்பு வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறிய புட்டியைத் தொடாதீர்கள், அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெரிக்காக மாறியிருக்கும். கலக்குவதற்குக் காந்தக் கலக்கி வேண்டாம். உருவாகும் துகளெல்லாம் அந்தக் குச்சியிலேயே அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் டெஃப்லான் துடுப்பே சரி.

நைட்ரஜன் ஓட்டத்தை நிறுத்தாமல் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, வேகமாகக் கலக்கியபடியே 25 சதவீத அம்மோனியா 20 மி.லி. ஊற்றுங்கள். புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள், மூக்கு பிழைக்கும். கறுப்பு உடனே வரும். அரைமணி நேரம் கழித்து ஆறவிட்டு, காந்தத்தால் அடியில் இழுத்து நீரை வடித்துக் கழுவுங்கள். காற்றுப் பட்டால் மேக்னடைட் மெல்ல மேகமைட் எனும் மற்றோர் இரும்பு ஆக்சைடாகிப் பழுப்பேறும். அதுவும் காந்தத்தன்மை உள்ளதுதான், பதற வேண்டாம்.

அடுத்தது பூச்சு. ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். அதன் கார்பாக்சில் தொகுதிகளில் சில இரும்பைப் பற்றிக்கொள்ளும். மற்றவை எதிர்மின்னூட்டத்தோடு வெளியே நீட்டி நின்று துகள்களை விலக்கி வைக்கும். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் நீரை மாற்றி மாற்றி வைத்து மிச்ச உப்பையும் அமிலத்தையும் நீக்குங்கள். எஞ்சும் கட்டிகளை மையவிலக்கில் இறக்கிவிடலாம்.

இனி சோதனை. புட்டியருகே நியோடிமியம் காந்தம் வைத்ததும் எல்லாம் ஓடிவந்து ஒட்டி, நீர் தெளிந்துவிட்டால் மாணவர்கள் கைதட்டுவார்கள். எனக்கோ அது கெட்ட சகுனம். சுமார் 10 நானோமீட்டர் துகள்கள் தனித்தனியாக நின்றால், சிறு காந்தத்துக்கு அவ்வளவு எளிதில் இணங்கா. கரைசல் கரும்பழுப்பாகவே நிற்கும். வெளிக்காந்தப் புலம் விலகினால் காந்தத்தன்மையையும் இழக்கும் இந்த அளவுதான் ஸ்கேனுக்கு ஏற்றது.

படத்தில் இவை கருமையாகத் தெரியும். கல்லீரலின் குப்ஃபர் செல்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் தற்காப்புச் செல்கள்) துகள்களை விழுங்குவதால் நல்ல திசு இருளும். அந்தச் செல்கள் இல்லாத கட்டி வெளிறி நிற்கும். டெக்ஸ்ட்ரான் எனும் சர்க்கரைப் பாலிமர் பூசிய ஃபெருமாக்ஸைட்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்து 1996-இல் அமெரிக்காவில் இதற்காகவே அனுமதி பெற்றது. பின்னர் சந்தையிலிருந்து விலகியது. நம் சரக்கை அகரோஸ் கூழில் வைத்து மட்டுமே படமெடுங்கள். நுண்ணுயிர் நீக்கமோ எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனையோ செய்யாத எதுவும் ஊசிக்குள் போகக் கூடாது.

கூழ் மாதிரிகளில் இரும்பின் செறிவை லிட்டருக்கு 0.1 முதல் 0.5 மில்லிமோல் வரை வையுங்கள். செறிவுக்கு எதிராக டி2-வின் (எம்.ஆர்.ஐ. சமிக்ஞை தேயும் காலம்) தலைகீழியை வரைந்தால், கோட்டின் சாய்வே ரிலாக்ஸிவிட்டி, அதாவது துகள்கள் அந்தச் சமிக்ஞையை எவ்வளவு விரைவாகத் தேய்க்கின்றன என்பதன் அளவு. இரும்பை எடைக் கணக்கில் ஊகிக்காதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஹைட்ராக்ஸிலமீனால் ஒடுக்கி, இரும்போடு சேர்ந்து சிவப்பு நிறம் தரும் ஃபெனாந்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள்.

மிச்சத்தை 4 டிகிரியில் வையுங்கள். உறைய விட்டால் மறுபடியும் கட்டிதான்.