புதிய குப்பை சேகரிப்பு முறை: முதல் சில வாரங்களைக் கடக்கும் வழி

எல்லாக் குப்பையையும் ஒரே தொட்டியில் கொட்டிப் பழகிய வீட்டுக்கு, நிறத்துக்கு ஒரு தொட்டியும் வகைக்கு ஒரு நாளுமாகப் புதிய ஏற்பாடு வந்து சேரும்போது முதலில் எழுவது எரிச்சல்தான். வைக்க இடமில்லை, நாற்றம் தாங்கவில்லை, எது எந்தத் தொட்டிக்கு என்று புரியவில்லை, பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்ற நான்கு குறைகளையே குடியிருப்போர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முதல் மூன்றையும் வீட்டுக்குள்ளேயே பெருமளவு சரிசெய்துவிடலாம். நான்காவதற்கு நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலையும் கொஞ்சம் இருக்கிறது.

குழப்பத்திலிருந்து தொடங்குவோம். தொட்டிகளோடு வந்த துண்டறிக்கையை அலமாரியில் போட்டுவிடாமல், குப்பை போடும் இடத்துக்கு மேலே கண் மட்டத்தில் ஒட்டிவையுங்கள். வேறு ஊரில் வாங்கிக்கொள்ளும் பொருளை உங்கள் ஊரில் மறுக்கலாம், ஏனென்றால் எதை எடுப்பது என்பதை அங்குள்ள தரம் பிரிக்கும் ஆலையின் இயந்திரங்களே தீர்மானிக்கின்றன. பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் அம்புகள் சூழ்ந்த முக்கோணமும் அதற்குள் 1 முதல் 7 வரை ஓர் எண்ணும் இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த அந்தக் குறியீடு, பொருள் எவ்வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. அது மறுசுழற்சிக்கு ஏற்கப்படும் என்று உறுதி தருவதில்லை. 1, 2 ஆகிய எண்கள் கொண்ட குப்பிகள் பரவலாக ஏற்கப்படுகின்றன. மற்றவற்றுக்குத் துண்டறிக்கையைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

நாற்றத்துக்கு வேர் ஈரம். சமையல் கழிவு நீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தேங்கினால், காற்றுப் புகாத அந்தப் பகுதியில் அது அழுகி நாறத் தொடங்கும். ஆகவே கழிவை வடிகட்டி, பழைய செய்தித்தாளில் சுருட்டிப் போடுங்கள். தொட்டியின் அடியிலும் தாளை நாலைந்து மடிப்பாக விரித்து வையுங்கள். வெயில் படாத இடமும் இறுக மூடும் மூடியும் இன்றியமையாதவை. வெப்பமான நாள்களில் ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்து, புழு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்களுக்குள் ஈயாகிவிடும். வாரம் ஒரு முறை வண்டி வந்தால் இந்தச் சுற்று பெரும்பாலும் நடுவிலேயே அறுபடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் அது முழுதாக நடந்து முடிய நேரம் கிடைத்துவிடும். சேகரிப்பு இடைவெளியைக் கூட்டும்போது மக்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான். அப்படிப்பட்ட ஏற்பாடு என்றால், எளிதில் அழுகும் இறைச்சிக் கழிவை ஒரு டப்பாவில் அடைத்து, வண்டி வரும் நாள்வரை உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடலாம். கேட்க அருவருப்பாக இருந்தாலும், செய்து பார்த்தவர்கள் அதை விடுவதில்லை.

இடம் போதாததற்குப் பெரிய காரணம் அட்டைப்பெட்டிகள். அவற்றைப் பிரித்துத் தட்டையாக்கினாலே பாதித் தொட்டி மிச்சமாகும். குப்பிகளையும் டின்களையும் நசுக்குவதற்கு முன் மட்டும் விதியைப் பாருங்கள். வடிவத்தை வைத்துப் பிரிக்கும் சில இயந்திரங்கள், நசுங்கிய டின்னைத் தாளோடு சேர்த்துவிடக்கூடும்.

பிரித்த பொருளைக் கெடுப்பவை சில உண்டு. மறுசுழற்சிப் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால், பை இயந்திர உருளைகளில் சுற்றிக்கொண்டு ஆலையையே நிறுத்திவிடும். எண்ணெயும் ஈரமும் ஊறிய தாள் நல்ல தாளையும் பாழாக்கும். டப்பாவைப் பளபளவென்று தேய்க்க வேண்டியதில்லை, பாத்திரம் கழுவிய நீரில் ஒரு முறை அலசினால் போதும். லித்தியம் பேட்டரியை எந்த வீட்டுத் தொட்டியிலும் போடாதீர்கள். வண்டியில் நசுங்கும்போது அது தீப்பற்றக்கூடியது, அந்தத் தீயின் அருகில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

இனி நான்காவது குறை. வண்டியில் எல்லாம் ஒன்றாகிறது என்று முடிவு செய்யுமுன் அதன் பின்பக்கத்தை ஒரு முறை கவனியுங்கள். வெளியே ஒன்றாகத் தெரியும் வண்டிகள் சிலவற்றுக்குள் தடுப்பு வைத்த இரண்டு அறைகள் இருக்கும். தடுப்பே இல்லை என்பது உறுதியானால், நான்கு வாரங்களுக்குத் தேதி, நேரம், வண்டி எண், எந்தத் தொட்டி எப்படிக் காலி செய்யப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். பணியாளரோடு வாதிட்டுப் பயனில்லை, ஏனென்றால் வண்டியையும் வழித்தடத்தையும் தீர்மானிப்பவர் அவர் அல்லர். தெருவில் உள்ள சில வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டு, 'இந்த முறையே வேண்டாம்' என்று எழுதாமல், தீர்க்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: தடுப்புள்ள வண்டி, கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டுக்குக் கூடுதல் தொட்டி, தொட்டியைத் தள்ள இயலாத முதியவர்களுக்கு வாசலிலேயே சேகரிப்பு என்பதுபோல. மனுவை நேரில் கொடுத்தால், நகலில் தேதியிட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்கி, அதையும் குறிப்புத் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராமல் மறுபடி எழுத நேர்ந்தால், முதல் வரியில் குறிப்பிட வேண்டியது அந்தத் தேதியைத்தான்.