பழைய வீட்டை இடித்து 4 வாடகை வீடு: கடன் கணக்கு போடுவது எப்படி?

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டில் பழைய ஓட்டு வீடு. அதை இடித்துவிட்டு, தரைத்தளத்தில் 2, மாடியில் 2 என தலா 600 சதுர அடியில் 4 வீடுகள். வீட்டுக்கு வாடகை 12,000 என்று வைத்துக்கொள்வோம்.

1. வாடகையில் தொடங்குங்கள்

4 வீட்டுக்கு மாதம் 48,000. வீடு காலியாகக் கிடக்கும் நாட்களும் உண்டு என்பதால் வருடத்துக்கு 11 மாத வாடகையை மட்டும் எடுங்கள்: மாதச் சராசரி 44,000. சொத்து வரி, மோட்டார், பெயின்ட் என 5,000 கழித்தால் மிச்சம் 39,000.

9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு சுமார் 900 ரூபாய் இ.எம்.ஐ. 39,000-க்கு 43 லட்சம் வரை வாங்கலாம் போலத் தோன்றும். வாங்காதீர்கள். 36 லட்சத்தில் நிறுத்தினால் இ.எம்.ஐ. 32,400, வட்டி 11 சதவீதமாக ஏறினாலும் சுமார் 37,200தான், வாடகைக்குள் அடங்கிவிடும்.

2. முழுச் செலவை எழுதுங்கள்

சதுர அடி 2,500 வீதம் 2,400 சதுர அடிக்கு 60 லட்சம். சம்ப், செப்டிக் டேங்க், போர், காம்பவுண்ட் சுவர், 4 மீட்டருக்கான மின் இணைப்பு, பிளான் அப்ரூவல் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் இந்த ரேட்டில் சேராது. அதற்கு 6 லட்சம் ஒதுக்குங்கள். கட்டி முடிக்கும் வரை கட்ட வேண்டிய வட்டி தோராயமாக 1.6 லட்சம். ஆக மொத்தம் 67.6 லட்சம். 36 லட்சம் கடன் போக, கைப்பணம் சுமார் 32 லட்சம் வேண்டும்.

30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் ரிசர்வ் வங்கி விதிப்படி 80 சதவீதம் வரை தரலாம். 60 லட்சத்துக்கு 48 லட்சம் கிடைக்கக்கூடும், ஆனால் இ.எம்.ஐ. 43,200 ஆகிவிடும், வாடகை தாங்காது. கைப்பணம் போதவில்லையா? மாடிக்கும் சேர்த்து அப்ரூவல் வாங்கி, மாடியைத் தாங்கும் அஸ்திவாரம் போட்டு, இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும் கட்டுங்கள். பர்சனல் லோன் வாங்கி அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டாம்.

3. வங்கியில் கேட்க வேண்டியது

மூன்றாவது வீட்டிலிருந்து வணிக ரியல் எஸ்டேட் கடனாகக் கருதி வட்டியைக் கூட்டுவார்களா என்று கேளுங்கள். இதற்குப் பயந்து பிளானில் 2 வீடு காட்டி 4 கட்டுவது பெரிய தப்பு. வங்கி இன்ஜினியர் வந்து பார்க்கும்போது பிளானும் கட்டடமும் ஒத்துப்போகாவிட்டால் வங்கி தர வேண்டிய அடுத்த கடன் தவணை நின்றுவிடும்.

பழைய வீட்டின் மேல் அடமானம் இருந்தால், அந்த வங்கியின் எழுத்துமூல அனுமதி வராமல் இடிக்கக் கூடாது.

4. பணம் வரும் வரிசை

முதலில் உங்கள் பங்கை இறக்கச் சொல்வார்கள். பிறகு பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் கான்கிரீட், பூச்சு என்று வேலை முடிந்த பின்தான் தவணை வரும். ரூஃப் போடும் வாரத்தில் கம்பி, சிமென்ட், சென்ட்ரிங், கூலி எல்லாம் ஒன்றாகக் கேட்கும். வங்கிப் பணமோ கான்கிரீட் போட்ட பிறகே வரும். கைப்பணம் முழுவதையும் அஸ்திவாரத்திலேயே தீர்த்துவிட்டால் வேலை இங்கேதான் நிற்கும். 5 லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

5. அட்வான்ஸ்

குடிவருபவர் தரும் அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம். டைல்ஸுக்கும் கேட்டுக்கும் செலவழிக்காமல் வங்கியில் டெபாசிட்டாகப் போடுங்கள்.