விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டாம்: புதிதாக வெளிநாடு சென்ற யாழ்ப்பாணத்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து வருகிறேன். பிறப்பத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என்று இங்கிருந்து போகும் தாள்களை மொழிபெயர்த்துக் கொடுப்பதும், சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்து வரும் அகதி விண்ணப்ப நிராகரிப்புக் கடிதத்தைத் தாய் தகப்பனுக்கு வாசித்து விளங்கப்படுத்துவதும் என் வேலையாகவே இருந்திருக்கின்றன. சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமல் தோற்றவர்களைவிட, இருந்த பாதுகாப்பை உரிய நாளுக்குள், தமக்கு விளங்கும் மொழியில் கேளாமல் தோற்றவர்களையே அந்தக் கடிதங்களில் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகதி நேர்காணலுக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் தமிழராகவே இருந்தாலும் எங்கள் தமிழ் அவருக்குப் பழக்கமானது என்று எண்ண வேண்டாம். இராணுவச் சுற்றிவளைப்பின்போது தன்னைத் தலையாட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள் என்று ஓர் இளைஞர் சொன்னது, இராணுவத்தினருக்கு முன்னால் தானே தலையாட்டியதாகப் பதிவாகியிருந்தது. தலையாட்டி எனப்படும், முகத்தை மூடிய ஒருவர் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதை இங்கே வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நேர்காணல் செய்த அதிகாரியோ, சம்மதித்தவருக்கு என்ன பயம் என்று கேட்டிருந்தார். மாதப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. நாங்கள் மார்ச் மாதத்தைத்தான் பங்குனி என்கிறோம், ஆனால் தமிழ்நாட்டவருக்குப் பங்குனி மார்ச் நடுவில் பிறந்து ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆகவே நீங்கள் சொல்லும் பங்குனி 5 மொழிபெயர்ப்பாளர் வாயில் மார்ச் 18 ஆகலாம், ஆஸ்பத்திரித் துண்டில் உள்ள திகதியோ வேறாக இருக்கும். மாதங்களை ஆங்கிலப் பெயரால் சொல்லுங்கள். "இயக்கம்", "காம்ப்", "தடுப்பு" என்ற சொற்கள் வரும்போது எந்த அமைப்பு, யாருடைய முகாம், எவ்விதத் தடுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்வது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்பதையே பதிவில் எழுதும்படி கேளுங்கள், வாசித்துக் காட்டாத பதிவில் கையொப்பமிட வேண்டாம்.

கள்ளப் பாதையால் வந்துவிட்டோமே என்ற பயத்தில் பலர் மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, உயிராபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை வெளிப்படுத்தி, வந்த விதத்துக்குத் தக்க காரணமும் காட்டுபவரை, சட்டவிரோதமாக நுழைந்தமைக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தாமதமே அந்தப் பாதுகாப்பைப் பலவீனமாக்குகிறது. ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுக்கும் "கேஸ்" இன்னொரு கேடு. ஒரே சம்பவம் ஒரே சொற்களில் நாலு பேருடைய வாக்குமூலத்தில் இருந்தால், உண்மையாக அடிபட்ட ஐந்தாமவரையும் அதிகாரி நம்பமாட்டார்.

உங்களுக்கு நடந்ததற்குச் சான்றாக மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம், தடுப்பில் இருந்தபோது செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பார்வையிட்டிருந்தால் அவர்களிடம் பெறக்கூடிய அத்தாட்சி, வைத்தியசாலைத் துண்டு ஆகியவற்றை வீட்டாரிடம் கேட்டு எடுப்பியுங்கள். கிராம சேவகரின் நற்சான்றுக் கடிதம் வதிவிடத்தைக் காட்டும், வேறெதையும் பெரிதாகக் காட்டாது. உடலில் தழும்பு இருந்தால் அனுபவமுள்ள மருத்துவரின் அறிக்கை அவசியம். இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், தழும்புகளை அவரே பிறரைக்கொண்டு இட்டிருக்கலாம் என்று கீழ் மன்றம் எடுத்த முடிவைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஒதுக்கி, வழக்கைத் திரும்பவும் விசாரிக்கச் சொன்னது.

தடுத்து வைக்கப்பட்டால், ஏன் பிடித்தார்கள் என்பதை விளங்கும் மொழியில் அறிவதும், அது சட்டப்படியானதா என்று ஒரு நீதிமன்றம் பார்க்கும்படி கேட்பதும் உங்கள் உரிமைகள். ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை இரண்டையும் சொல்கிறது. கனடாவில் பொதுவாக முதல் 48 மணித்தியாலத்திலும், அடுத்த 7 நாட்களுக்குள்ளும், பிறகு 30 நாட்களுக்கொருமுறையும் தடுப்பை மீளாய்வு செய்ய வேண்டும் (ஒழுங்கற்ற வருகை என்று அமைச்சர் குறித்த கூட்டத்துக்கு இந்தக் கால அளவு பொருந்தாது). 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் இறங்கிய 492 தமிழரில் பலர் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். பல மீளாய்வுகளில் அடையாளத்தை நிறுவும் ஆவணமே பெரிய கேள்வியாக இருந்தது, அதனால்தான் அடையாள அட்டையின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும் என்று வருபவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவில், நாடு கடத்தும் வாய்ப்பு அண்மையில் இல்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. 2004இல் அதே மன்றம் சொன்னது இதற்கு நேரெதிர். தூதரகத்துக்கு அறிவிக்கட்டுமா என்று உங்களைக் கேட்பார்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா சமவாயப்படி அது உங்கள் உரிமை மட்டுமே, கடமை அல்ல. அந்த அரசுக்கே பயந்து வந்தவர் வேண்டாம் என்று சொல்லலாம்.

வெளியேற்றம் என்ற சொல்லை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. இரண்டிலும் ஆள் யார், என்ன செய்தார் என்று பார்க்காமல், இனத்தைப் பார்த்தே அனுப்பினார்கள். ஐரோப்பிய சமவாயத்தின் நான்காம் நெறிமுறை வெளிநாட்டவரைக் கூட்டமாக வெளியேற்றுவதைத் தடை செய்வது இதனால்தான்: ஒவ்வொருவருடைய நிலையும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1999இல் சிலோவாக்கிய ரோமா மக்களை, அகதிக் கோவையைப் பூர்த்தி செய்ய வாருங்கள் என்று பொலிஸுக்கு அழைத்து, வந்த இடத்திலேயே பிடித்து நாடு கடத்தினார்கள். அந்தத் தந்திரம் தவறு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தபோது அவர்கள் திரும்பிப்போய் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எனவே கையொப்பமிட வரச் சொன்னால் போகாமல் இருக்கக் கூடாது, ஆனால் போகுமுன் சட்டத்தரணிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். "சுயவிருப்பில் திரும்புகிறேன்" என்ற படிவத்தை நீட்டினால், அதில் கையொப்பமிடுவதற்கு முன் சட்டத்தரணியுடன் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

இனப் பாகுபாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கே தோற்பது பெரும்பாலும் கெடு தவறியே. கனடாவின் ஒன்ராறியோவில் மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். ஜெர்மனியில் சமத்துவச் சட்டத்தின் கீழ் உரிமை கோர இரண்டு மாதம்தான். பெயரைக் கேட்டதும் வீடு வாடகைக்கு இல்லை என்றாகிவிட்டால், அன்றே திகதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்து, அந்த விளம்பரத்தின் படத்தையும் சேமியுங்கள். வேலைக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் என்று கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் கொள்கை வெளியிட்டதைப் பலர் அறியாமல், அந்த அனுபவத்துக்காகச் சம்பளமில்லாத வேலையில் மாதங்களைக் கழிக்கிறார்கள்.

கடைசியாக விலாசம். அறை மாறிய அன்றே புதிய விலாசத்தைக் குடிவரவு அலுவலகத்துக்கும், தீர்ப்பாயத்துக்கும், சட்டத்தரணிக்கும் தனித்தனியே எழுத்தில் அறிவியுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லுவார் என்று இருக்க வேண்டாம். பிரான்சில் அகதி விண்ணப்பங்களை முடிவு செய்யும் அலுவலகமான ஒஃப்ப்ரா மறுத்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான். அந்த மாதம் முழுவதும், விட்டுப்போன அறையின் தபால் பெட்டியிலேயே கடிதம் கிடந்த கதையை ஒரு தாய் என் மேசைக்கு முன்னால் இருந்து சொல்லியிருக்கிறார்; அவர் கையில் இருந்த கடித உறையில் பழைய விலாசம் பேனாவால் வெட்டப்பட்டு, பக்கத்தில் யாரோ புதியதை எழுதியிருந்தார்கள்.