நாய் சுவரேறிக் குதித்தால் சுவரை மட்டும் பார்க்காதீர்கள்

நாய் காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடிவிட்டால், பல வீடுகளில் உடனே கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். இல்லையென்றால் கனமான செயின் வாங்கி வருகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது எந்த நேரத்தில் போகிறது, எந்த இடத்தில் தாண்டுகிறது, எதைத் தேடிப் போகிறது என்று சில நாள் கவனிக்க வேண்டும். இதைத் தவிர்ப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

கருத்தடை செய்யாத ஆண் நாய் என்றால் காரணம் அநேகமாகத் தெருவில் இருக்கும். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அந்த வாசனை எட்டினால் ஆண் நாய் சோறு தண்ணீரை மறந்து சுவரேறும். கால்நடை மருத்துவரைப் பார்த்துக் கருத்தடை செய்தால் இப்படி அலைவது பெரும்பாலும் குறையும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயலைத் துரத்திப் பிடிக்கவே வளர்க்கப்பட்ட இனங்கள். அவற்றை நாள் முழுக்க நான்கு சுவருக்குள் சும்மா விட்டுவிட்டு, வெளியே போகிறது என்று குறை சொல்வது நியாயமில்லை. காலையும் மாலையும் நன்றாக நடத்திக் கூட்டிப்போனாலே பாதிப் பிரச்சினை தீரும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கோ, இதுவரை சுவர்ப் பக்கமே போகாத நாய்கூட மிரண்டு தாண்டிவிடும். அந்த நாட்களில் அதை முற்றத்தில் விடவே கூடாது. வீட்டுக்குள் ஓர் அறையில், ஜன்னலைச் சாத்தி, யாராவது கூட இருக்க வேண்டும்.

அடுத்தது செயின். கேட் பக்கத்தில் மூன்றடிச் சங்கிலியில் காலை முதல் இரவு வரை கட்டிப்போடுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்த நாய்க்கு வெயில் வந்தால் நகர இடமில்லை, படுக்கும் இடத்திலேயே மலம் கழிக்க வேண்டும், பயந்தால் ஓடவும் வழியில்லை. அதனால்தான் கட்டியே கிடக்கும் நாய் போகிறவர் வருகிறவர் மீதெல்லாம் சீறுகிறது. இது சட்டப்படியும் தவறு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் கொடுமை என்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் அப்படியே சொல்கிறது. சுவரை ஒட்டிக் கட்டுவது இன்னும் ஆபத்து. சுவரைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் கழுத்து இறுகித் தொங்கிவிடும்.

கொஞ்ச நேரம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இரண்டு தூண்களுக்கு இடையே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கயிற்றை மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் மாட்டுங்கள். கயிறு சுவரை எட்டக் கூடாது. நிழலும் தண்ணீரும் எட்ட வேண்டும்.

சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதும், கேட்டின் உச்சியில் ஈட்டி முனை வைப்பதும் திருடனுக்காக என்பார்கள். பாய்கிற நாய் அதைக் கவனிக்காது. பாதம் கிழியும், வயிறு குத்துப்படும். வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதை யோசிக்கவே கூடாது. நாயும் சாகும், தொடுகிற பிள்ளையும் சாகும்.

இணையத்தில் விற்கும் ஷாக் பட்டையும் வேண்டாம். மண்ணில் புதைத்த கம்பியை நெருங்கினால் பட்டை முதலில் ஒலி கொடுக்கும், பிறகு மின்னதிர்ச்சி கொடுக்கும். வலித்த நேரத்தில் எதிரே பால்காரர் நின்றால், பால்காரர்தான் வலிக்குக் காரணம் என்று நாய் முடிவு செய்துவிடலாம். பூனையைத் துரத்தும் வேகத்தில் வலியைத் தாங்கி வெளியே போய்விடும். அப்புறம் அதே வலிக்குப் பயந்து உள்ளே வராது. வேல்ஸ் நாடு 2010இலேயே இந்த மின்னதிர்ச்சிப் பட்டைகளுக்குத் தடை போட்டுவிட்டது.

சரி, என்னதான் செய்வது? முதலில் சுவரோரம் இருக்கும் துவைக்கிற கல், செங்கல் அடுக்கு, தொட்டி, பழைய டிரம் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பல நாய்களுக்கு இவைதான் படிக்கட்டு. மண்ணைத் தோண்டிப் போகிற நாய் என்றால் சுவரின் அடியில் கடப்பா கல்லை நட்டுப் புதைக்கலாம், அல்லது கம்பி வலையை உள்பக்கமாக இரண்டடி அகலத்துக்குப் படுக்க வைத்து மண் போட்டு மூடலாம். வலையின் வெட்டு முனைகளைக் கீழ்நோக்கி மடக்கிவிடுங்கள். தோண்டுவது நாயின் இயல்பு. அதற்கென்று ஒரு மூலையில் மணலைக் கொட்டி, தீனியைப் புதைத்து வைத்தால் சுவரை விட்டுவிடும். கேட்டின் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை மாட்டிக்கொள்ளும். கீழ்ப்பாதிக்கு ஷீட் அடித்தால் அதுவும் தடுக்கப்படும், தெருநாயைப் பார்த்துக் குமுறுவதும் குறையும். தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்கும் நாய்கள் உண்டு, அதனால் கொக்கி வையுங்கள்.

பயிற்சிக்கு அவசரம் கூடாது. கயிற்றில் பிடித்துக்கொண்டு தினமும் எல்லையோரம் நடத்துங்கள். கேட்டைத் திறக்கும்போது உட்கார வைத்து, நகராமல் இருந்தால் உடனே தீனி கொடுங்கள். பழகிவிட்டது என்று நம்பிக் கேட்டைத் திறந்துபோட வேண்டாம்.

ஓடிப்போன நாய் திரும்பி வந்ததும் அடிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. வீட்டுக்கு வந்தால் அடி என்றே பதியும். வந்ததும் பேர் சொல்லித் தட்டிக்கொடுங்கள். பிறகு காயம் இருக்கிறதா என்று பாருங்கள். கடிபட்டிருந்தால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பட்டையில் உங்கள் போன் நம்பர் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.