நுகுனி மந்தையைப் பேரப்பிள்ளை வரை கொண்டுபோக: நோட்டும் பொலிகாளையும்

தென்னாப்பிரிக்க நாட்டு மாட்டினமான நுகுனியில் பொலிகாளை வாங்கப் போகிறவர்கள் முதலில் தோலைத்தான் பார்க்கிறார்கள். வெள்ளையில் சிவப்புத் தெறிப்பு, கறுப்பில் பொடிப்புள்ளி, எல்லாம் அழகுதான், ஜூலு மக்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தாத்தா காலத்திலிருந்து மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரனாகச் சொல்கிறேன், மந்தை நிற்பது தாய்ப்பசுவின் வழியில்.

அதனால் முதல் வேலை நோட்டு. பசுவுக்கு ஒரு பக்கம்: தாய் யார், எந்தத் தேதியில் ஈன்றது, கன்று பிழைத்ததா, மடி எப்படி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும். தாத்தா எழுதிய "வெள்ளை முதுகு, ஒன்பது ஈற்று, கன்று ஒன்றும் சாகவில்லை" என்ற வரியை இன்றும் படிக்க முடிகிறது, அந்தப் பசுவின் வழியில் வந்தவைதான் இப்போது எங்கள் பட்டியில் பாதி. சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள், ஆகவே ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தால்தான் வருஷத்துக்கு ஒரு கன்று. இரண்டு முறை தொடர்ந்து தள்ளிப்போகிற பசுவை மாட்டுப் பொங்கலன்று எல்லோரும் வீட்டில் இருக்கும்போது நோட்டை வைத்துப் பேசிக் கழித்துவிடுவோம். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

காளையைப் பார்க்கப் போனால் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காம்பு பிறந்த கன்றின் வாய்க்கு அடங்குகிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை நிறத்தில் மயங்கி வாங்கிய காளையின் மகள்களில் பலவற்றுக்குக் காம்பு தடித்துப்போய், இரண்டு கோடைக்குக் கன்றுகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தோம். அப்புறம் வாலைத் தூக்குங்கள். வாலடி, தொடையிடுக்கு, மடி, இங்கேதான் உண்ணி ஒட்டும். பக்கத்து மாடுகளில் நாலைந்து இருக்கும்போது இதில் மட்டும் கொத்துக்கொத்தாக இருந்தால் அந்தக் காளை வேண்டாம், நுகுனியின் பெரிய பலமே உண்ணியைத் தாங்குவதுதானே. விதை இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக இருக்கிறதா என்று கையால் பிடித்துப் பாருங்கள், விந்துப் பரிசோதனையும் இனச்சேர்க்கையில் தொற்றும் நோய்களுக்கான பரிசோதனையும் மருத்துவர் செய்த பிறகே விலை பேசுங்கள்.

வாங்கி வந்ததை 28 நாள் தனியாகக் கட்டுங்கள். 2021லிருந்து இந்த மாகாணத்தில் கோமாரி வந்துவந்து போகிறது, இதில் அவசரப்படவே கூடாது. இரண்டரை வருஷத்தில் காளையை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தன் மகள்களையே சேரும்.

கிடாரிகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி கட்டாயம், காளைக்கன்றுக்குப் போடவே கூடாது. கன்றுகளுக்கு வாராவாரம் உண்ணி மருந்து அடிக்காதீர்கள். சின்ன வயதில் கொஞ்சம் உண்ணி கடித்தால்தான் சிவப்பு மூத்திரக் காய்ச்சலுக்கு எதிர்ப்பு வரும். மடியில் பெரிய வண்ண உண்ணி தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் மருந்து தடவுங்கள், விட்டால் சீழ் கட்டிக் காம்பே போய்விடும்.

குளிர்காலத்தில் புல் சத்திழந்துவிடும், மாடு நக்க யூரியா கலந்த உப்பைத் தொட்டியில் வைப்போம். அந்தத் தொட்டிக்கு மேலே தகரம், அடியில் ஓட்டை, இரண்டும் இருக்கட்டும். குளிர் முடிந்து செப்டம்பரில் வரும் முதல் மழை தொட்டியில் தேங்கினால், யூரியா கரைந்த தண்ணீரைக் குடித்த மாடு சில மணி நேரத்தில் செத்துப்போகும்.