பார்வையற்ற பிள்ளையைப் படிக்க வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"கண் சரியாகட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் அனுப்பலாம்." வசதி இல்லாத வீட்டில் பார்வையற்ற பிள்ளையின் படிப்பு இந்தப் பேச்சில்தான் தள்ளிப் போகிறது. பிறவிக் கண்புரை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் விழித்திரை நோய்கள் பலவற்றில் போன பார்வை திரும்புவதில்லை. ஆஸ்பத்திரி, கோயில், நாட்டு மருந்து என்று அலைந்துவிட்டு எட்டு வயதில் 'அ' தொடங்குவது பிள்ளைக்குப் பெரிய பாரம். வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும், படிப்பு ஐந்து வயதிலேயே தொடங்கட்டும்.

கொஞ்சம் பார்வை இருக்கிற பிள்ளை புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துப் படிக்கும். "கண் கெட்டுடும்" என்று பிடுங்காதீர்கள். கெடாது. கிட்டே வைத்தால்தான் அதற்கு எழுத்து பெரிதாகத் தெரியும். நல்ல வெளிச்சமும், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிய பாடமும் கொடுத்தால் போதும், பாதிக் கஷ்டம் குறையும்.

"போனே வாசித்துக் காட்டுதே, பிரெயில் எதுக்கு?" என்கிறார்கள். பிரெயில் என்பது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. எனக்கு இதில்தான் மனசு ஆறுவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கேட்ட பாடத்தை அப்படியே ஒப்பிப்பான். ஒரு நாள் அவனிடம் எழுத்துக்கூட்டச் சொன்னேன். "பனிக்கும் பணிக்கும் வேற வேற எழுத்தா அண்ணா?" என்று கேட்டான். ரெண்டு சுழி, மூணு சுழி என்று ஒன்று இருப்பதே அவன் விரலுக்குத் தெரியாது. காதால் மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். பிரெயிலில் ஆறே புள்ளிகள். பிரெயில் ஸ்லேட் என்கிற சட்டகத்தில் தாளை வைத்து வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். சின்ன வயதில் இது சீக்கிரம் கைவந்துவிடும். அதன் பிறகு போனில் டாக்பேக், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்று திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்களைத் தாராளமாகப் பழக்கலாம்.

உதவ வருகிறவர்கள் பையும் புதுத் துணியும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு நிஜமாகவே இல்லாதது அலைவதற்கான நாள். சான்றிதழுக்கு ஒரு நாள், கையெழுத்துக்கு இன்னொரு நாள் என்று கூலி போகும். முடிந்தால் கூடப் போய் வாருங்கள். அரசு மருத்துவமனையின் ஊனச் சான்றிதழ், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை மனு: இவை கைக்கு வந்தால்தான் மற்றது நகரும். "எங்களால பார்த்துக்க முடியாது" என்று பள்ளியில் சொன்னால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள்.

"பார்வை இல்லாத பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்று விட்டுவிடுவதும் பெரிய அநியாயம். அபாகஸ் என்கிற மணிச்சட்டத்தில் விரலால் கூட்டிக் கழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு, கூடுதல் நேரமும் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே கேட்க வேண்டும். பரீட்சை அன்றுதான் முதல் தடவையாகப் பிள்ளை வாயால் விடை சொல்கிறது என்று இருக்கக் கூடாது. எங்கே கமா, எங்கே அடுத்த பத்தி என்று நிறுத்திச் சொல்லப் பல மாதப் பழக்கம் வேண்டும். காலாண்டுத் தேர்விலேயே ஆரம்பித்துவிடுங்கள்.